சீனக் கல்லறைக் கலையில் பெண்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பண்டைய சீனப் பெண்கள் இப்படித்தான் இருந்தார்கள்" என்று இணையத்தில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை கல்லறைகளிலிருந்து வந்தவை. பருத்த கன்னமும் உயரக் கொண்டையுமாக நிற்கும் தாங் வம்சக் காலப் (கி.பி. 618–907) பொம்மை, விளக்கை ஏந்தி மண்டியிட்டிருக்கும் வெண்கலப் பெண், நீண்ட சட்டைக்கையை வீசி ஆடும் ஹான் வம்சக் கால (கி.மு. 206–கி.பி. 220) நடனப்பெண் என எல்லாமே மண்ணுக்கடியில், கதவடைத்த அறைகளில், இறந்துபோன ஒருவருக்காக வைக்கப்பட்டவை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்கும்போது அந்தக் கல்லறை நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அங்கேதான் தவறுகள் தொடங்குகின்றன. இந்த உருவங்கள் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. அதனாலேயே சொல்கிறேன்: "இவள் யார்" என்று கேட்பதற்கு முன்னால், "இது யாருடைய கல்லறை, அதில் எந்த இடத்தில் இருந்தது" என்று கேளுங்கள். பாதித் தவறுகள் அந்தக் கேள்வியோடு நின்றுவிடும்.

அழகாக இருப்பவள் எல்லாம் அரசி என்று நினைப்பது

ஹெபெய் மாகாணத்தின் மான்செங்கில் 1968-இல் மலையைக் குடைந்து அமைத்த இரண்டு கல்லறைகள் கிடைத்தன. ஒன்று ஹான் அரச குடும்பத்தைச் சேர்ந்த லியூ ஷெங் என்பவருடையது. சோங்ஷான் என்ற பகுதியை ஆண்ட அவர் கி.மு. 113-இல் இறந்தார். மற்றொன்று அவருடைய மனைவி தோவ் வானுடையது. இருவரின் உடலும் தங்கக் கம்பியால் தைத்த ஜேட் கல் உறைக்குள் இருந்தன. தோவ் வானின் கல்லறையில் கிடைத்ததுதான் சாங்சின் அரண்மனை விளக்கு. விளக்கேந்திய பெண் வடிவம், 48 செ.மீ. உயரம், தங்க முலாம் பூசிய வெண்கலம். அதை வைத்து "ஹான் அரசி" என்று எழுதப்படும் குறிப்புகள் ஏராளம்.

நெருங்கிப் பார்த்தால் அவள் வெறுங்காலோடு மண்டியிட்டிருக்கிறாள். இடது கை விளக்கின் அடிப்பாகத்தைத் தாங்குகிறது. வலது கை மேலே உயர்ந்திருக்க, அதன் அகன்ற சட்டைக்கை விளக்குக்கு மேல்மூடியாகக் கவிழ்ந்திருக்கிறது. எரியும் புகை அந்தச் சட்டைக்கை வழியாக உள்ளே கூடாக இருக்கும் அவளுடைய உடம்புக்குள் இறங்கும். வளைந்த இரண்டு தகடுகளை நகர்த்தி, வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு விழ வேண்டும் என்பதை மாற்றலாம். தலையையும் வலது கையையும் தனியாகக் கழற்றிக் கரியைத் துடைக்கலாம். சுருக்கமாகச் சொன்னால், எசமானியின் அறையில் இரவெல்லாம் விளக்குப் பிடிக்கிற வேலைக்காரப் பெண் இவள். முகத்தில் இருக்கும் அந்த அமைதியும் கவனமும் வேலை செய்பவளின் முகத்தில் இருப்பவை. அதை அரசியின் கம்பீரம் என்று படித்தால், சிற்பி பார்த்துச் செய்ததை நாம் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

இதில் இன்னொரு தவறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்லறையில் கிடைத்ததெல்லாம் கல்லறைக்காகவே செய்யப்பட்டது என்று எடுத்துக்கொள்வது. இந்த விளக்கின் மேல் பல இடங்களில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. யாங்சின் என்ற குடும்பத்தின் பெயரும், சாங்சின் அரண்மனையின் பெயரும் அதில் உண்டு. சாங்சின், லியூ ஷெங்கின் பாட்டியான பேரரசித் தாய் தோவ் வாழ்ந்த அரண்மனை. ஆக, பல கை மாறி, பல வீடுகளில் எரிந்த பிறகுதான் அந்த விளக்கு தோவ் வானிடம் வந்து, அவரோடு மண்ணுக்குள் போயிருக்கிறது. சுடுமண் நடனப்பெண் பொம்மையோ அப்படியில்லை. அது முதல் நாளிலிருந்தே இறந்தவருக்கானது. வாழ்ந்தபோது புழங்கிய பொருளையும் புதைப்பதற்கென்றே செய்த பொருளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் இரண்டையும் தவறாகப் படிப்போம்.

பொம்மைகள் வந்ததும் கொடுமை ஓய்ந்தது என்று நம்புவது

கல்லறைப் பணிப்பெண் பொம்மைகளைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு ஆறுதலான கதையைச் சொல்வார்கள். முன்பு மனிதர்களைப் பலியிட்டுப் புதைத்தார்கள், பிறகு நாகரிகம் வளர்ந்து அவர்களுக்குப் பதிலாகப் பொம்மை வைத்தார்கள் என்று. முழுப் பொய் இல்லை. ஆனால் நேர்கோட்டில் நடந்த மாற்றமும் இல்லை.

ஹுபெய் மாகாணத்தின் சுய்சோவில் 1978-இல் தோண்டப்பட்ட சங் நாட்டுச் சிற்றரசர் யீயின் கல்லறை, கி.மு. 433-ஐ ஒட்டியது. 65 வெண்கல மணிகள் கொண்ட பிரம்மாண்டமான இசைக்கருவிக்காக உலகம் முழுவதும் தெரிந்த இடம். அதே கல்லறையில் 21 பெண்களின் சவப்பெட்டிகளும் இருந்தன. 8 பெண்கள் அவர் கிடந்த அறையிலேயே. 13 பேர் மேற்கு அறையில். ஏறக்குறைய 13 முதல் 25 வயது வரை உள்ளவர்கள். அவர்களில் இசைக்காரிகளும் நடனப்பெண்களும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மணிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்தப் பெண்களை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. பிற்காலத்து இசைக்காரிப் பொம்மைகளைப் பார்க்கும்போது, அந்த இடத்தில் ஒரு காலத்தில் உயிருள்ள சிறுமிகள் இருந்தார்கள் என்பது மனதில் இருக்க வேண்டும்.

பொம்மைகள் பெருகிய பிறகும் அது நின்றுவிடவில்லை. கி.மு. 210-இல் சீனாவின் முதல் பேரரசர் இறந்தபோது ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்கள் ஏற்கனவே தயார். அந்த மண் படையில் பெண் எவரும் இல்லை. ஆனால் பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களை வெளியே விடக்கூடாது என்று சொல்லி இரண்டாம் பேரரசர் அவர்களைச் சாகவைத்தார் என்று ஹான் கால வரலாற்றாசிரியர் சீமா சியானின் நூல் பதிவு செய்கிறது. மிங் வம்சத்தில் இந்த வழக்கம் மறுபடி தலைதூக்கி, 1464-இல் யிங்சோங் பேரரசர் சாகும் முன் தடை செய்த பிறகுதான் அடங்கியது.

உருவம் இல்லையென்றால் பெண்ணே இல்லை என்று எண்ணுவது

1976-இல் ஆன்யாங்கில் தொல்லியலாளர் செங் சென்ஷியாங்கின் குழு ஒரு குழியைத் தோண்டியது. ஏறக்குறைய ஐந்தரை மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவு, ஏழரை மீட்டர் ஆழம். ஷாங் கால அரச கல்லறைகளோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் கொள்ளையர் கை படாதது. 468 வெண்கலப் பொருட்கள், 755 ஜேட் பொருட்கள், ஆயிரக்கணக்கான சோழிகள், கூடவே பலியிடப்பட்ட 16 மனிதர்கள். வெண்கலங்களில் இருந்த பெயர் ஃபூ ஹாவ். கி.மு. 1200-ஐ ஒட்டி ஆண்ட வூ திங் மன்னரின் மனைவியரில் ஒருவர்.

இறந்தவர் இவர்தான் என்று அடையாளம் காட்டும் ஓவியமோ சிற்பமோ அங்கே இல்லை. மண்டியிட்ட சிறிய ஜேட் உருவம் ஒன்றைக் காட்டி "இதுதான் ஃபூ ஹாவ்" என்று எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அவரைத் தேட வேண்டிய இடம் வேறு. அங்கே 130-க்கும் மேற்பட்ட ஆயுதங்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டு பெரிய வெண்கலக் கோடரிகள். ஒன்றின் எடை 9 கிலோ. மனிதத் தலை ஒன்றை நடுவில் வைத்து இரண்டு புலிகள் வாயைப் பிளந்து நிற்கும் வடிவம் அதன் மேல். ஷாங் காலத்தில் அப்படிப்பட்ட கோடரி படை நடத்தும் அதிகாரத்தின் அடையாளம். தெய்வங்களிடம் கேள்வி கேட்டுக் குறி சொல்லப் பயன்பட்ட எலும்புகளில் உள்ள எழுத்துகளோ அவர் 13,000 பேரோடு போருக்குப் போனதைப் பற்றிக் கேட்கின்றன.

இதைப் படித்துவிட்டு "ஷாங் காலத்தில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாழ்ந்தார்கள்" என்று ஓடிவிடவும் கூடாது. அதே குறி எலும்புகளில் அவருடைய பிரசவம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. முடிவையும் பொறித்து வைத்திருக்கிறார்கள்: நல்லதாக அமையவில்லை, பெண் பிறந்தது. படைத்தளபதிக்கே இதுதான் எழுதப்பட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும்.

மாவாங்துய் பட்டு ஓவியத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் சூட்டுவது

சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய்யில் 1972-இல் திறக்கப்பட்ட கல்லறை சின் சுய் என்ற பெண்மணியுடையது. சாங்ஷா நாட்டின் முதலமைச்சர் லீ சாங்கின் மனைவி. கி.மு. 168-க்குச் சற்றுப் பின்னால் இறந்திருக்கிறார். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சவப்பெட்டிகள். உடல் அழுகவே இல்லை. உள்பெட்டியின் மேல் டி வடிவப் பட்டு ஓவியம் விரிக்கப்பட்டிருந்தது. நீளம் சுமார் 205 செ.மீ.

ஓவியத்தின் நடுவே ஒரு மூதாட்டி கோலூன்றி, முன்னால் சற்றுச் சாய்ந்து பக்கவாட்டில் நிற்கிறார். பின்னால் மூன்று பணிப்பெண்கள். முன்னால் இருவர் மண்டியிட்டு எதையோ ஏந்துகிறார்கள். இவர் சின் சுய்தான் என்பதில் இன்று யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. ஆளின் அளவு, இடம், உடை எல்லாம் அப்படிச் சொல்கின்றன. உடற்கூறு ஆய்வில் அவருக்கு இடுப்புத் தண்டுவடத் தட்டில் கோளாறு இருந்ததும் தெரியவந்தது. கோலூன்றிச் சாய்ந்து நிற்கும் அந்த நிலை, குறிப்பிட்ட ஒரு மனுஷியைத் தெரிந்தவர் வரைந்ததுபோல இருக்கிறது. பண்டைய சீனக் கல்லறைக் கலையில் முதுமையை இவ்வளவு மரியாதையோடு, இவ்வளவு நேராகக் காட்டிய பெண்ணுருவம் அபூர்வம். இளம் அழகிகளை மட்டும் தேடிப் போகிறவர்கள் இவரைத் தவறவிடுகிறார்கள்.

சிக்கல் ஓவியத்தின் உச்சியில். அங்கே சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் மனித உடலும் பாம்பு வாலும் கொண்ட உருவம் ஒன்று இருக்கிறது. "இது படைப்புத் தெய்வம் நூவா" என்று சட்டென்று எழுதிவிடுகிறார்கள். வேறு தெய்வங்களின் பெயர் சொல்பவர்களும் உண்டு, இறந்தவரின் உருமாறிய ஆவி என்பவர்களும் உண்டு. ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஓவியத்தில் பெயர் எழுதப்படாத உருவத்துக்கு நாமே பெயர் சூட்டிவிட்டு, பிறகு அந்தப் பெயரை வைத்துப் "பெண் தெய்வ வழிபாடு" என்று கோட்பாடு கட்டுவது ஆபத்து. பிற்கால ஹான் கற்செதுக்கல்களில் நூவாவும் அவருடைய துணைவரான ஃபூஷியும் வால் பின்னி, கையில் கவராயமும் மூலைமட்டமும் ஏந்தி நிற்கும்போது அடையாளம் தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவை முந்நூறு வருடம் முன்னால் இருக்கும் ஓவியத்துக்குக் கடன் கொடுக்க முடியாது.

தெய்வங்களைப் பற்றி இன்னும் ஒன்று. மேற்குத் திசை அன்னையான சீவாங்மூ ஹான் கல்லறைகளில் எங்கும் இருக்கிறார். சிச்சுவான் செங்கற்களில் புலியும் டிராகனும் தாங்கும் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். மருந்து இடிக்கும் முயல், தேரை, ஒன்பது வால் நரி எல்லாம் சுற்றி நிற்கும். கி.மு. 3-இல் அவர் பெயரால் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தலைநகரை நோக்கிப் போனதை ஹான் வரலாறு பதிவு செய்திருக்கிறது. அந்த மதிப்பை எடுத்து அக்காலத்துச் சாதாரணப் பெண்களின் மதிப்பாகக் கணக்கிடுவது பொருந்தாது. சாகாவரம் தருகிறவர் என்பதால்தான் இறந்தவர்களுக்கு அவர் தேவைப்பட்டார்.

கற்புக்கரசிக் கதைகளை வாழ்க்கைப் பதிவாக எடுத்துக்கொள்வது

ஷான்தோங் மாகாணத்தின் ஜியாஷியாங்கில் வூ குடும்பத்தாரின் நினைவுக் கோயில்கள் இருக்கின்றன. கி.பி. 151-இல் இறந்த வூ லியாங்கின் கோயில் சுவரில் உத்தமப் பெண்களின் கதைகள் வரிசையாகப் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவை பெரும்பாலும் லியூ ஷியாங் கி.மு. முதல் நூற்றாண்டில் தொகுத்த உத்தமப் பெண்கள் வரலாற்றில் உள்ள கதைகள்.

ஒரு காட்சியைப் பாருங்கள். லியாங் நாட்டு இளம் விதவை ஒருத்தி. அழகி. மன்னர் அவளை மணக்க விரும்பித் தூது அனுப்புகிறார். செதுக்கலில் தூதர் எதிரே இருக்கிறார், பொன் கொண்டுவந்தவரும் இருக்கிறார், வண்டியும் நிற்கிறது. ஒவ்வொருவர் பக்கத்திலும் பெயரோ பொறுப்போ வெட்டியிருக்கிறது. அவள் ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் கத்தியும் வைத்திருக்கிறாள். அழகுக்காகத்தானே கேட்கிறீர்கள் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்ளப் போகிற நொடி அது. கல்லில் ரத்தம் இல்லை, கதறல் இல்லை. கோடுகள் அமைதியாக இருக்கின்றன. அதுதான் இன்னும் கலங்க வைக்கிறது.

இதைப் பார்த்து "ஹான் காலப் பெண்கள் இப்படித்தான் செய்தார்கள்" என்று எழுதுவது முதல் பிழை. எல்லாரும் செய்ததை யாரும் கல்லில் வெட்டிப் பாடம் சொல்வதில்லை. உண்மையில் ஹான் காலத்தில் விதவைகள் மறுமணம் செய்வது சாதாரணம். இரண்டாவது பிழை, இவை பெண்களுக்காகப் பெண்கள் கல்லறையில் வைக்கப்பட்டவை என்று நினைப்பது. வூ லியாங் ஆண். அதோடு அது தரைக்கு மேல் இருக்கும் கோயில். மனைவி மக்கள் வந்து படையல் வைத்துச் சுவரைப் பார்க்கக்கூடிய இடம். அடைத்து மூடிய கல்லறை அறையையும் இதையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. தான் போன பிறகு வீட்டுப் பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் விட்டுச்சென்ற அறிவுரையாக இதைப் படிக்கும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

முந்நூறு வருடம் கழித்து, தாதோங்கில் 484-இல் புதைக்கப்பட்ட வட வேய் வம்சத்து அதிகாரி சீமா ஜின்லோங்கின் கல்லறையிலும் இதே வகைக் கதைகள் சிவப்பு அரக்கு மடிப்புத்திரையில் கிடைத்தன. அதில் ஹான் வம்சத்துச் செங் பேரரசர் பல்லக்கில் போகிறார், அவருடைய அந்தப்புரத்தைச் சேர்ந்த பான் அம்மையார் பின்னால் நடக்கிறார். கூட ஏறி உட்காரச் சொன்னதற்கு, நல்லரசர்களின் படங்களில் பக்கத்தில் அமைச்சர்கள்தான் இருப்பார்கள், நாட்டைத் தொலைத்தவர்கள் படத்தில்தான் காதலிகள் இருப்பார்கள் என்று மறுத்தவர் அவர். அரசரின் நடத்தையைத் திருத்தும் கதை இது. ஆண் அதிகாரியின் கல்லறையில் இருப்பதில் வியப்பு இல்லை.

அப்புறம் தறி நெய்யும் பெண்கள். ஹான் புடைப்புச் சிற்பங்களில் தறிக் காட்சி வந்தாலே "பெண்களின் அன்றாட உழைப்பு" என்று போட்டுவிடுகிறோம். சிலவற்றுக்கு அது சரி. ஆனால் வூ லியாங் கோயிலில் தறியில் இருப்பவர் கன்பூசியசின் சீடர் சங்சியின் தாய். மகன் கொலை செய்துவிட்டான் என்று மூன்று பேர் அடுத்தடுத்து வந்து பொய் சொல்ல, முதல் இரண்டு முறை அசையாத அவர், மூன்றாம் முறை நாடாவைப் போட்டுவிட்டு ஓடினார் என்பது கதை. தறியின் அமைப்பை அறிய அந்தக் கல் உதவும். நெசவுப் பெண்களின் வாழ்க்கையை அறிய அதையே சாட்சியாக நிறுத்த முடியாது.

தாங் காலத்தைச் சுதந்திரத்தின் பொற்காலமாக்குவது

தாங் காலப் பெண்ணுருவங்கள்தான் இன்று அதிகம் பகிரப்படுபவை. குதிரையில் போலோ ஆடுகிறார்கள், ஆண் உடையில் நிற்கிறார்கள், கழுத்துத் திறந்த மேலாடை அணிகிறார்கள். மனதுக்கு இதமான படங்கள். அவசர முடிவுகளும் இங்கேதான் அதிகம்.

பருமனை எடுத்துக்கொள்வோம். "தாங் பேரரசர் சுவான்சோங்கின் காதல் மனைவி யாங் குய்ஃபெய் குண்டாக இருந்ததால் எல்லாப் பெண்களும் குண்டாகக் காட்டப்பட்டார்கள்" என்பது பரவலான கதை. அவர் குய்ஃபெய் பட்டம் பெற்றது 745-இல். அதற்கு முன்னாலேயே கல்லறைப் பொம்மைகள் பருக்கத் தொடங்கிவிட்டன. இன்னொரு பக்கம், ஏழாம் நூற்றாண்டுத் தாங் பொம்மைகள் கொடிபோல மெலிந்தவை, இறுக்கமான சட்டைக்கை, மார்புக்கு மேல் கட்டிய கோடு போட்ட பாவாடை. முந்நூறு வருட வம்சத்துக்கு ஒரே உடல்வாகு என்று நினைத்துக்கொண்டு, மெலிந்த பொம்மையைப் பார்த்துத் தாங் இல்லை என்று தள்ளுகிறவர்களையும் பார்க்கலாம்.

இனி யோங்தாய் இளவரசியின் கல்லறை. சியானுக்கு வடமேற்கே, சியான்லிங் அரச கல்லறை வளாகத்தில் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் தோண்டினார்கள். முன்னறைச் சுவரில் ஒன்பது பெண்கள் மெதுவாக நடந்து வருகிறார்கள். முன்னே போகிறவள் கையில் எதுவும் இல்லை. பின்னால் வருபவர்கள் தட்டு, மெழுகுவத்தி, விசிறி, உயரமான கிண்ணம், துணி மூட்டை என்று ஆளுக்கொன்று ஏந்தியிருக்கிறார்கள். ஒருத்தி முன்னே பார்க்க, ஒருத்தி திரும்பிப் பார்க்க, உடல்களின் வளைவு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடுகிறது. கடைசியில் ஒருத்தி ஆண் உடையில். இவர்களில் யாரும் இளவரசி கிடையாது. எல்லாரும் அவருக்குப் பணி செய்ய வந்துகொண்டிருப்பவர்கள். அவர் அடுத்த அறையில், கல்லால் செய்த வீடு போன்ற பெட்டிக்குள் இருந்தார்.

ஆண் உடைக்கு வருவோம். ஏதோ ஒரு பையன் என்று நினைப்பதும் தவறு, ஆணாதிக்கத்தை எதிர்த்த பெண் என்று கொண்டாடுவதும் தவறு. தாய்பிங் இளவரசி ஒருமுறை ஆண் அதிகாரி உடையில் பெற்றோர் முன் ஆடியதாக வரலாறு சொல்கிறது. உயர்குடியில் அந்த ரசனை இருந்தது உண்மை. ஆனால் கல்லறைச் சுவர்களில் கணுக்கால் தெரியும் கோடு போட்ட கால்சட்டையும் நீண்ட அங்கியும் போட்டவர்கள் பெரும்பாலும் பணிப்பெண்கள். எசமானியோடு குதிரையில் போக, ஓடியாடி வேலை செய்ய அது வசதி. தேர்ந்தெடுத்துக்கொண்ட சுதந்திரமா, கொடுக்கப்பட்ட சீருடையா என்பதை அந்த ஓவியம் நமக்குச் சொல்லவில்லை.

பெரிய எச்சரிக்கை ஒன்று இதே கல்லறையில் இருக்கிறது. இளவரசி இறந்தது 701-இல், 17 வயதில். அப்போது தானே அரியணையில் இருந்து ஆண்ட பாட்டி வூ ஸெதியானின் அணுக்கர்களைப் பற்றி அண்ணனோடும் கணவரோடும் பேசிய குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார் என்கின்றன வரலாற்று நூல்கள். கல்லறைக்குள் இருந்த நினைவுக் கல்லோ கர்ப்பத்தோடு தொடர்பான மரணம் என்று தோன்றும்படி எழுதியிருக்கிறது. தந்தை சோங்சோங் மீண்டும் அரியணை ஏறி, பாட்டியும் மறைந்த பிறகு, 706-இல் உடலைக் கொண்டுவந்து அரசர்களுக்குரிய மரியாதையோடு மறுபடி புதைத்தார். ஆக, அந்தச் சுவரில் தெரியும் செழிப்பு ஒரு தந்தையின் துக்கமும் அரசியலும். அந்தப் பெண் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அது சாட்சி சொல்லாது. "தாங் இளவரசிகளின் இன்பமான வாழ்க்கை" என்று இந்த ஓவியத்தின் கீழ் எழுதும்போது யாரைப் பற்றி எழுதுகிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

பக்கத்திலேயே உள்ள சாங்ஹுவாய் இளவரசரின் கல்லறையில் மூன்று பெண்கள். ஒருத்தி பறவையை அண்ணாந்து பார்க்கிறாள், ஆண் உடையில் ஒருத்தி மரத்தில் இருக்கும் சில்வண்டைப் பிடிக்கப் போகிறாள், மற்றொருத்தி சும்மா நிற்கிறாள். "அந்தப்புரத் தனிமையின் சோகம்" என்று இதற்கு விளக்கம் எழுதுவது வழக்கம். அழகான ஓவியம்தான். சோகத்தைக் கொண்டுவந்தது நாமா ஓவியரா என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தம்பதி, வண்டி, பாதி திறந்த கதவு

தாய்யுவானில் 571-இல் இறந்த ஷு ஷியான்ஷியு என்ற தளபதியின் கல்லறைச் சுவரில் 200-க்கும் மேற்பட்ட உருவங்கள் உண்டு. பின்சுவரில் கணவனும் மனைவியும் கையில் கிண்ணத்தோடு சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சமமாக உட்கார்ந்திருப்பதைச் சம உரிமை என்று படித்துவிடாமல் பக்கச் சுவர்களையும் பாருங்கள். ஒரு பக்கம் சேணம் பூட்டிய குதிரை, மறு பக்கம் மூடிய மாட்டுவண்டி. இரண்டிலும் ஆள் இல்லை. குதிரை அவருக்கு, வண்டி அம்மையாருக்கு. மற்ற பல கல்லறைகளில் தம்பதியின் உருவம் அழிந்தோ வரையப்படாமலோ போனாலும் அந்த வண்டி இருக்கும். அங்கே பெண்ணின் இருப்பைச் சொல்வது அதுதான்.

ஹெனான் மாகாணம் பாய்ஷாவில் சாவ் தாவெங் என்பவரின் 1099-ஆம் ஆண்டுக் கல்லறையிலும் தம்பதி மேசைக்கு இருபுறமும் நாற்காலியில் இருக்கிறார்கள். பின்னறையின் கோடிச் சுவரில் செங்கல்லால் செய்த கதவு பாதி திறந்திருக்க, ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். சோங், லியாவ், ஜின் வம்சக் காலக் (10 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை) கல்லறைகளில் இந்தப் பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். இறந்த மனைவி என்பதும், மறுவுலகுக்கு அழைக்கும் தேவதை என்பதும், காதலி என்பதும் சொல்லப்பட்ட விளக்கங்கள். பெயர் எழுதப்படாத இவளுக்கு ஒரே பொருளைத் திணிக்க வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கமும் அறைகள் உண்டு, வீடு இத்தோடு முடியவில்லை என்று காட்டுவது அவளுடைய முதல் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

சிறியதாகத் தோன்றினாலும் விட முடியாதவை

பெண்களின் பாதம் வளராதபடி இறுக்கிக் கட்டும் வழக்கத்தைக் கண்ட கண்ட காலத்தில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். ஹான், தாங் பெண்கள் இயல்பான காலோடு நடந்தார்கள். ஃபூசோவில் 1243-ஐச் சேர்ந்த ஹுவாங் ஷெங் என்ற 17 வயதுப் பெண்ணின் கல்லறையில் சுமார் 14 செ.மீ. நீளமுள்ள குறுகிய காலணிகள் கிடைத்தன. கதை மாறுவது அந்தப் பக்கத்தில்தான்.

"சீனா" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கவும் கூடாது. உள் மங்கோலியாவில் 1018-இல் இறந்த லியாவ் வம்சத்துச் சென் இளவரசி தங்க முகமூடியும் வெள்ளிக் கம்பி வலையும் போர்த்திக் கிடந்தார். அவர் கித்தான் குலத்துப் பெண். அதே நூற்றாண்டின் ஹெனான் கல்லறைகளை வைத்து அவரைப் படிக்க முடியாது.

இப்போது கண்ணில் படுவது அன்று இருந்ததும் இல்லை. சியானுக்கு அருகே ஹான் வம்சத்து ஜிங் பேரரசரின் யாங்லிங் கல்லறையில் கையில்லாத, ஆடையில்லாத பெண் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. நிர்வாணமாகச் செய்தார்கள் என்று அதிர்ச்சிப் பதிவு போடுகிறவர்கள் உண்டு. மரக்கைகளும் துணி உடைகளும் மண்ணில் மக்கிப்போய்விட்டன, அவ்வளவுதான். மக்காத இடம் சீனாவின் வடமேற்கே உள்ள துர்ஃபான் பாலைவனம். அங்கே ஆஸ்தானா இடுகாட்டில் சாங் ஷியோங், அவர் மனைவி இருவரின் கல்லறையில் மரத்தலையும் பட்டாடையுமாகப் பெண் பொம்மைகள் அப்படியே இருந்தன. நெற்றிப்பொட்டு, கன்னச் சிவப்பு எல்லாம் அழியவில்லை. கைகளை முறுக்கிய காகிதத்தால் செய்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் வெகு தொலைவிலுள்ள தலைநகர் சாங்ஆனின் அடகுக்கடைக் கணக்கு. துணி அடகு வைத்தவர்களின் பெயரும் தொகையும் அதில் இருக்கின்றன. பணக்கார வீட்டுப் பொம்மையின் கைக்குள்ளே ஏழைகளின் கணக்கு. சுடுமண்ணில் இது எதுவும் மிஞ்சாது.

கடைசியாக, சந்தையில் வரும் பொம்மைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் பக்கம் ரயில் பாதை போடும்போது தாங் கல்லறைகள் வெட்டுப்பட்டு, மூவண்ண மெருகுப் பொம்மைகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. விலை ஏறியதும் போலிகளும் வந்தன. போலோ ஆடும் பெண்களும் இசைக்காரிகளும் நன்றாக விலை போவதால் அவற்றில் போலி மிகுதி. மண் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைக் காட்டும் ஒளிர்வுச் சோதனை இருக்கிறது. பழைய செங்கல்லைச் செதுக்கியும், மாதிரி எடுக்கும் இடத்தில் பழைய துண்டைப் பொருத்தியும் அதையும் ஏமாற்றுகிறார்கள். சரி, என்ன செய்வது? கண்டெடுத்த இடம், தோண்டிய ஆண்டு, கல்லறைக்கு உரியவர் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்த உருவத்தை முதலில் பாருங்கள். சாங்ஷாவின் ஹுனான் அருங்காட்சியகம், ஷிஜியாச்சுவாங்கின் ஹெபெய் அருங்காட்சியகம், சியானின் ஷான்சி வரலாற்று அருங்காட்சியகம், ஆன்யாங்கின் யின்ஷு அருங்காட்சியகம் ஆகியவற்றில் இந்த விவரங்களோடு இருக்கின்றன. விவரம் எதுவும் இல்லாத ஏலப் படத்தை வைத்துத் தாங் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.